ஏதென்ஸுக்கு நான்கு நாள்

அரை நாள்! ஏதென்ஸ் மாநகருக்கு அரை நாள்!

பிரயாண ஏற்பாடுகள் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று நமக்கு அனுப்பி வைத்த வர்ணப் படப் புத்தகத்தில் அப்படித்தான் கண்டிருந்தது. காலை 8 மணிக்குச் சிற்றுண்டி. 9 மணிக்கு அக்ரோபொலிஸ் குன்று. 11 மணிக்கு ஞாபகார்த்தச் சாமான்கள் வாங்குதல். 12 மணிக்குத் துறைமுகம். அதற்கப்புறம் ஒரு தீவு, இன்னொரு தீவு, மேலும் ஒரு தீவு. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துச் சரித்திரத்துக்கு இரண்டு மணி நேரமும், சாவி வளையம் வாங்குவதற்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கி அந்தக் கணக்கைப் போட்டவர் யாரோ, அவர் மகா தைரியசாலி என்பதில் சந்தேகமில்லை.

புத்தகம் வந்த அன்று இரவு நம் வீட்டுக் கூடத்தில் மகாநாடு கூடிற்று. நாம், நம் இல்லாள், கல்லூரியில் படிக்கும் குமாரி, பெரியப்பா ஆகிய நால்வரே பிரதிநிதிகள். குமாரி தீவுகள் கட்சி. இல்லாள், சாப்பாடு கிடைக்கும் ஊர் எதுவோ அந்த ஊர்க் கட்சி. பெரியப்பா புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "அரை நாளா?" என்றார். மூடி வைத்துவிட்டார். பிறகு பேசவில்லை.

பெரியப்பாவைப் பற்றி நேயர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது 76. அதில் 32 வருஷம் சரித்திர உபாத்தியாயராகக் கழிந்தது. வருஷந்தோறும் கரும்பலகையில் அடிக்கோலை வைத்துப் பார்த்தினான் கோயிலின் முகப்பை எழுதிக் காட்டுவார். எட்டுத் தூண்கள், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஆறு தூண் போட்ட பையனுக்கு மார்க்கு கிடையாது. பெரிக்ளிஸைப் பற்றி அவர் பாடம் சொல்லும்போது அடுத்த வகுப்புப் பையன்களும் காது கொடுப்பார்களாம். அப்படிப்பட்டவர் வடக்கே காசியையும் தெற்கே கன்னியாகுமரியையும் தாண்டியதில்லை. பெரியம்மா காலமான பிறகு எதிலும் பற்றில்லாமல் இருந்தார். முழங்கால்கள் இரண்டும் மக்கர் செய்கின்றன. "போவதானால் இந்த வருஷம் போங்கள், தள்ளிப் போடாதீர்கள்" என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

ஆகவே கம்பெனியின் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நாமே திட்டம் போட உட்கார்ந்தோம். இரண்டு மாதமாகப் படித்தும் விசாரித்தும் திட்டம் ஒருவாறு உருவாகியிருக்கிறது. முதல் தடவையாக அந்த ஊருக்குப் போக எண்ணும் குடும்பங்களுக்கு உபயோகப்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் காலம். ஜூலை, ஆகஸ்டு வேண்டவே வேண்டாம். "வெயில் நமக்குப் புதிதா?" என்று இல்லாள் கேட்டது நியாயமே. ஆனால் அந்தக் குன்று முழுவதும் வெறும் பாறை. நிழல் என்று ஒதுங்குவதற்கு எரெக்தையன் கோயிலருகே நிற்கும் ஒலிவ மரத்தைத்தான் தேட வேண்டும். அத்துடன் வெள்ளைச் சலவைக்கல் வெயிலை வாங்கி முகத்தில் வீசுகிறது. 2023-ம் வருஷக் கோடையிலும் 2024-ம் வருஷக் கோடையிலும் உஷ்ணம் தாங்காமல் நடுப்பகலில் குன்றின் வாயிலையே அடைத்துவிட்டார்கள். ஏப்ரல், மே மாதங்கள் நல்லவை. அக்டோபரும் நல்லது, நாம் தேர்ந்தெடுத்தது அக்டோபர் 25 முதல் 28 வரை.

28-ந் தேதியைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1940-ம் வருஷம் அந்தத் தேதியன்று விடியுமுன், இத்தாலிய ஸ்தானிகர் கிரேக்கப் பிரதமர் மெடக்ஸாஸின் வீட்டுக் கதவைத் தட்டி, முஸோலினியின் படைகளுக்கு வழிவிடச் சொல்லி இறுதி எச்சரிக்கையைக் கொடுத்தார். பிரதமர் மறுத்தார். மெடக்ஸாஸ் ஒரு சர்வாதிகாரி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த மறுப்பை ஜனங்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். 'ஓஹி' என்றால் அவர்கள் பாஷையில் 'முடியாது' என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு தேசீய விடுமுறை! அன்று பள்ளிக் குழந்தைகள் ஏதென்ஸ் வீதிகளில் அணிவகுத்துச் செல்வார்கள். சர்க்காரின் புராதனச் சின்னங்களுக்கு அன்று கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லாத நாளில் கூட்டம் எப்படி இருக்கும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆகவே குன்றை வேறு நாளில் முடித்துக்கொண்டு, 28-ந் தேதி குழந்தைகளைப் பார்ப்பதாக உத்தேசம்.

வீசா சமாசாரத்தை வளர்த்த விரும்பவில்லை. கிரீஸ் ஷெங்கன் கூட்டத்தைச் சேர்ந்த தேசம். புறப்படுவதற்கு 6 மாதம் முன்னதாகவே விண்ணப்பம் போடலாம். கடைசிப் பட்சம் 15 நாளாவது முன்னால் போட்டாக வேண்டும். 30,000 யூரோ வரை வைத்தியச் செலவு ஏற்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம். பெரியப்பாவின் வயதுக்கு அந்த இன்ஷூரன்ஸ் சற்று விலை அதிகம். அவருக்கு இந்தத் தொகை தெரியாது. நேயர்களும் சொல்லிவிட வேண்டாம்.

இனித் திட்டத்தின் முக்கியமான பகுதிக்கு வருவோம். ஏதென்ஸில் இறங்கியவுடன் குன்றுக்கு ஓடக்கூடாது என்பது நமது அபிப்பிராயம். குன்று எங்கும் போய்விடாது. ஊரில் எந்தச் சந்தில் திரும்பினாலும் தலைக்கு மேல் அது தெரிந்துகொண்டேயிருக்கும். முதல் நாள் கீழே நடப்பதே நலம்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலில் சுமார் 40 நிமிஷத்தில் 'சிந்தாக்மா' நிலையத்தில் இறங்கலாம். ரயில் பாதைக்காக மண்ணைத் தோண்டியபோது அகப்பட்ட பானைகளையும் கல்லறைகளையும் குழாய்களையும் அந்த நிலையத்துக்குள்ளேயே கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். மேலே ஏறினால் எதிரே பெரிய மஞ்சள் மாளிகை. அது இன்று பார்லிமெண்ட். கட்டியது அரசர் ஒத்தோவுக்காக. துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்ற கிரேக்கர்களுக்கு ஐரோப்பிய வல்லரசுகள் பார்த்து அனுப்பி வைத்த அரசர் அவர். பவேரியா தேசத்துப் பிள்ளை. 1834-ல் தலைநகரம் ஏதென்ஸுக்கு மாறிற்று. அப்போது அது சில ஆயிரம் பேர் வசித்த, இடிபாடுகள் நிறைந்த சிறிய ஊர். பழம் பெருமை ஒன்றுக்காகவே அதைத் தலைநகரமாக்கினார்கள். 1843 செப்டம்பர் 3-ந் தேதி படையும் ஜனங்களும் அந்த மாளிகை முன்னால் கூடி, "அரசியலமைப்புச் சட்டம் கொடு" என்று கேட்டார்கள். அரசர் இசைந்தார். 'சிந்தாக்மா' என்றால் அரசியலமைப்பு என்றே பொருள். ஜனங்கள் கேட்டு வாங்கிய ஒன்றின் பெயரைச் சதுக்கத்துக்கு வைத்திருக்கிறார்களே, அது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அங்கிருந்து பிளாக்கா என்ற பழைய பேட்டை வழியாக நடந்தால் குன்றின் வடக்குச் சரிவில் 'அனாஃபியோதிகா' என்ற சிறு குடியிருப்பு. அனாஃபி என்ற தீவிலிருந்து அரசருக்கு மாளிகை கட்ட வந்த கொத்தர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வெள்ளை வீடுகள் அவை. ஓர் ஆள் நடக்கக்கூடிய சந்துகள், பூந்தொட்டிகள், பூனைகள். தீவு பார்க்க வேண்டும் என்ற குமாரியின் கட்சிக்கு இதை விட்டுக்கொடுத்திருக்கிறோம். "இது தீவு அல்ல" என்கிறாள் அவள். தகராறு இன்னும் தீரவில்லை.

இரண்டாம் நாளும் நேரே குன்றுக்குப் போவதாக இல்லை. குன்றின் தென்புற அடிவாரத்தில் 2009-ம் வருஷம் திறந்த அக்ரோபொலிஸ் மியூசியத்துக்குப் போகிறோம். முதலில் கோயிலையும் பிறகு மியூசியத்தையும் பார்ப்பதே வழக்கம். நாம் தலைகீழாக வைத்துக்கொண்டதற்குக் காரணம், மேலே எது இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு ஏற வேண்டும் என்பதுதான்.

பார்த்தினான் கோயிலைக் கி.மு. 447-ல் தொடங்கிக் கி.மு. 438-ல் கட்டி முடித்தார்கள். சிற்ப வேலை கி.மு. 432 வரை நடந்தது. சிற்பிகளுக்குத் தலைவர் பிடியாஸ். சுவரின் மேற்புறம் நான்கு பக்கமும் சுற்றி 160 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஊர்வலத்தைச் செதுக்கியிருந்தார்கள்: குதிரை வீரர்கள், குடம் தூக்குவோர், பலி மாடுகள், கன்னியர். அது இன்று எங்கே? சுமார் 50 மீட்டர் ஏதென்ஸில். சுமார் 80 மீட்டர் லண்டனில். மிச்சத்தில் சில துண்டுகள் வேறு ஊர்களில். சில அழிந்தே போயின.

லண்டனுக்குப் போன கதை பலருக்குத் தெரிந்ததே. துருக்கி சுல்தானின் சபையில் பிரிட்டிஷ் ஸ்தானிகராயிருந்த எல்ஜின் பிரபு, ஏதென்ஸ் துருக்கியர் வசம் இருந்த காலத்தில், ஓர் அனுமதிக் கடிதத்தைக் காட்டி 1801 முதல் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்தார். ரம்பம் போட்டு அறுத்ததும் உண்டு. அந்தக் கடிதத்தின் மூலம் அகப்படவில்லை. இத்தாலிய மொழிபெயர்ப்புத்தான் இருக்கிறது. சிற்பங்களை ஏற்றிச் சென்ற கப்பல் ஒன்று 1802-ல் கடலில் மூழ்கி, முக்குளிப்பவர்களை விட்டு எடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் 1816-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 35,000 பவுன் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிப் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்தது. ஆங்கிலக் கவி பைரனே எல்ஜினைச் சபித்துக் கவி எழுதினார். கிரேக்கர்கள் கேட்கிறார்கள், லண்டன் கொடுக்க மறுக்கிறது. நடிகையாயிருந்து மந்திரியான மெலினா மெர்க்கூரி 1982-ல் உலக சபையில் எழுந்து கேட்டார். "உங்களிடம் வைத்துக்கொள்ளச் சரியான இடம் இல்லையே, நாங்கள் அல்லவா பாதுகாக்கிறோம்?" என்பது லண்டன் தரப்பின் நெடுநாளைய பேச்சு. அந்தப் பாதுகாவலர்கள் 1937-38-ல் சிற்பங்களை வெள்ளையாக்குவதாக எண்ணிச் செப்புக் கருவிகளால் மேல்தோலைச் சுரண்டியதும் சரித்திரமே.

இடம் இல்லை என்ற பேச்சுக்குக் கட்டடமாகவே எழுப்பிய பதில்தான் இந்த மியூசியம். அதன் மேல்மாடிக் கண்ணாடி மண்டபம் கோயில் எந்தத் திசையில் நிற்கிறதோ அதே திசையில், அதே அளவில் அமைந்திருக்கிறது. ஜன்னல் வழியே கோயில் தெரியும். ஊர்வலத்தை வரிசை தவறாமல் சுற்றிலும் பதித்திருக்கிறார்கள். தங்களிடம் உள்ள கற்கள் தேன் நிறத்தில் இருக்கின்றன. லண்டனில் உள்ளவற்றுக்குப் பதிலாகச் சாந்தில் வார்த்த நகல்கள் வெளேரென்று நிற்கின்றன. ஓர் ஆளின் தலை தேன் நிறம், உடல் வெள்ளை என்றும் இருக்கும். கீழ்த்தளத்தில் எரெக்தையன் கோயிலைத் தலையில் தாங்கிய கன்னியர் சிலைகள், மொத்தம் ஆறு. ஐந்துக்கு நடுவில் ஆறாவதன் இடம் காலியாக விட்டிருக்கிறது. போன பெண் வரட்டும் என்று இலை போட்டுக் காத்திருப்பது போல!

இதைப் படித்துக் காட்டியபோது இல்லாள், "எழும்பூரில் பார்த்தோமே, அதுபோலவா?" என்றாள். நாம் திடுக்கிட்டோம். உண்மைதான். 1845-ல் சென்னை உத்தியோகஸ்தரான ஸர் வால்டர் எலியட் அமராவதி ஸ்தூபத்தைத் தோண்டிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அவை 1859-ல் லண்டன் போய்ச் சேர்ந்தன. எல்ஜின் கற்கள் இருக்கும் அதே பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. மற்றொரு பகுதி எழும்பூர் மியூசியத்தில். ஏதென்ஸ் போகும் சென்னைவாசிகள் அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூருக்குப் போய்விட்டு வந்தால், அந்தக் காலி இடத்தின் முன் நிற்கும்போது யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிராது.

மூன்றாம் நாள் குன்று. நுழைவுச் சீட்டு 30 யூரோ, ஏறக்குறைய நம் 3,000 ரூபாய். முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டும்; எந்த மணிக்கு நுழைவது என்பதையும் சீட்டிலேயே குறித்துவிடுகிறார்கள். நாள் ஒன்றுக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று 2023-ல் ஏற்பாடாயிற்று. காலை 8 மணிச் சீட்டே உத்தமம். புது ஜோடுகளைப் போட்டுக்கொண்டு போகக்கூடாது. கோடிக்கணக்கான பாதங்கள் தேய்த்த சலவைக்கல், எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்.

மேலே போய் என்ன பார்ப்பது? வளைவைப் பார்க்க வேண்டும். அந்தக் கோயிலில் நேர்கோடு என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். நீண்ட பக்கத்துப் படி நடுவில் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் உயர்ந்து இரு கோடியிலும் தாழ்கிறது. தூண்கள் நடுவில் சற்றுப் பருத்திருக்கின்றன. யாவும் லேசாக உட்புறம் சாய்ந்திருக்கின்றன. தண்ணீர் வடியவும் கண்ணுக்கு இதமாயிருக்கவும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்கிறார்கள். ஒரு கோடியில் குனிந்து படியோடு படியாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும்.

இதை நாம் வாசித்ததும் பெரியப்பா நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "முப்பத்திரண்டு வருஷம் அடிக்கோலை வைத்துத் தப்பாகப் போட்டேனே, அப்பா! ஆறு தூண் போட்டவனுக்கு மார்க்கைக் குறைத்தேன். எனக்கு யார் குறைப்பது?" என்றார். அதற்குச் சமாதானம் சொல்ல நமக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று முதல் அவர் இந்தப் பிரயாணத்தைத் தம்முடைய காரியமாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் கோயில் பட்ட பாடும் அறியத்தக்கது. அதீனா தேவியின் ஆலயம் பிற்காலத்தில் கிறிஸ்துவ மாதா கோயிலாயிற்று. துருக்கியர் வந்தபின் மசூதியாயிற்று. அப்புறம் வெடிமருந்துக் கிடங்காயிற்று. 1687 செப்டம்பர் 26-ந் தேதி மொரோஸினி என்ற சேனாபதியின் கீழ் முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு ஒன்று அதன்மேல் விழுந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் கூரையோடு நின்ற கட்டடம் ஒரே நொடியில் நடுவே பிளந்தது. பிறகு 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுது பார்த்தவர் நல்லெண்ணத்துடன் இரும்புப் பட்டைகளை வைத்துக் கற்களை இணைத்தார். பண்டைக் கொத்தர்கள் இரும்பைச் சுற்றி ஈயம் வார்த்திருந்தார்கள். இவர் அதைச் செய்யவில்லை. இரும்பு துருப்பிடித்துப் பருத்துக் கல்லை உடைத்தது. 1975 முதல் அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு டைட்டேனியம் உலோகத்தை வைத்து, அதே பெந்தெலி மலையின் கல்லால் திரும்பக் கட்டி வருகிறார்கள். ஆகவே சாரம் கட்டியிருந்தால் நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கொத்தர்கள் வேலை செய்வதைப் பார்ப்பதும் பாக்கியமே.

குன்றின் கிழக்குக் கோடியில் ஒரு கொடிமரம் உண்டு. 1941 ஏப்ரலில் ஏதென்ஸைப் பிடித்த ஜெர்மானியர் அதில் ஸ்வஸ்திகக் கொடியை ஏற்றினார்கள். மே 30-ந் தேதி இரவு, மனோலிஸ் கிளெஸோஸ், அபோஸ்தொலோஸ் ஸாந்தாஸ் என்ற இரண்டு வாலிபர்கள், இருபது வயது நிரம்பாதவர்கள், வடக்குச் சரிவிலுள்ள குகை வழியே ஏறிச் சென்று அந்தக் கொடியை அறுத்துக் கீழே இறக்கிவிட்டார்கள். ஆளைக் கண்டுபிடிக்க முடியாமலே ஜெர்மானியர் மரண தண்டனை விதித்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் ஏதென்ஸ் வீதிகளில் ஜனங்கள் பஞ்சத்தால் விழுந்து மாண்டார்கள். கிளெஸோஸ் பிழைத்திருந்து 2020-ல் 97-ம் வயதில் காலமானார். கோயிலைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கொடிமரத்தின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டு, அங்குள்ள கல்வெட்டைப் பார்க்காமலே திரும்புகிறார்களாம்.

சரி, பெரியப்பா எப்படி ஏறுவார்? குன்றின் வடபுறத்தில் 2020 டிசம்பர் முதல் ஒரு லிப்ட் ஓடுகிறது. நடக்க இயலாதவர்களுக்கென்று ஏற்பட்டது. முன்னதாகத் தெரிவிப்பது நல்லது. காற்று பலமாக வீசும் நாளில் நிறுத்திவிடுவார்கள். இதைச் சொன்னோம். "ஸாக்ரடீஸ் லிப்டிலா ஏறினார்?" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். "ஸாக்ரடீஸுக்கு முழங்கால் வலி இல்லை, மாமா" என்றாள் இல்லாள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். விவாதம் அத்துடன் நின்றது.

உண்மையில் அவர் மனம் இருப்பது வேறொரு குன்றில். அக்ரோபொலிஸுக்கு மேற்கே பினிக்ஸ் என்ற தாழ்ந்த குன்று. கட்டடம் எதுவும் இல்லை. ஒரு சரிவும், பாறையிலேயே வெட்டிய மேடையும். அவ்வளவுதான். கட்டணமும் இல்லை. அந்த மேடையில் நின்றுதான் பெரிக்ளிஸின் ஊர் தன் காரியங்களைப் பேசி முடிவு செய்தது. சில தீர்மானங்களுக்கு 6,000 பிரஜைகள் கூடியாக வேண்டும். பேச விரும்பும் பிரஜை எவனும் எழுந்து பேசலாம். "அங்கே ஒரு நாழிகை உட்கார வேண்டும். வேறொன்றும் வேண்டாம்" என்பது பெரியப்பாவின் கோரிக்கை.

அப்போது குமாரி ஒரு கேள்வி போட்டாள். "நம் நாலு பேரில் யார் அங்கே பேசியிருக்கலாம், தாத்தா?"

பெரியப்பா விரல் மடக்கினார். பெண்களுக்கு இடம் இல்லை. இரண்டு பேர் போயிற்று. அந்நியருக்கு இடம் இல்லை. மீதி இரண்டு பேரும் போயிற்று. ஊரில் ஏராளமாயிருந்த அடிமைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "ஒருவரும் இல்லை" என்று ஒப்புக்கொண்டார். "பையன்கள் யாரும் இதைக் கேட்கவில்லையே" என்றும் சொன்னார்.

அவளுடைய கேள்வி நமது திட்டத்தையும் மாற்றிவிட்டது. தேசீயப் புராதன மியூசியத்தில் மைசீனியின் தங்க முகமூடியையும், கடலடியிலிருந்து எடுத்த வெண்கலத் தேவனையும் பார்ப்பதாக முதலிலேயே எழுதியிருந்தோம். அதே கட்டடத்தின் பக்கத்தில் கல்வெட்டு மியூசியம் ஒன்று இருக்கிறது. கூட்டமே இல்லாத இடம். அங்கே ஏதென்ஸ் தன் கீழிருந்த ஊர்களிடம் வாங்கிய கப்பத்தில் 60-ல் ஒரு பங்கைத் தேவிக்குச் செலுத்திய கணக்கு, பெரிய கற்பலகையில் ஊர் ஊராக வெட்டியிருக்கிறது. பாரசீகரை எதிர்க்க என்று பல ஊர்கள் சேர்ந்து டெலோஸ் தீவில் வைத்த பொதுப் பணத்தை கி.மு. 454-ல் ஏதென்ஸ் தன் ஊருக்கே மாற்றிக்கொண்டது. பார்த்தினானின் அழகில் அந்தப் பணமும் கலந்திருக்கிறது என்று அப்போதே அங்கே முறையிட்டவர்கள் உண்டு. கி.மு. 416-ல் கப்பம் கட்ட மறுத்த மீலோஸ் தீவில் ஆண்களைக் கொன்று பெண்டு பிள்ளைகளை அடிமைகளாக விற்றார்கள். எல்ஜினிடம் கோபித்துக்கொள்ளும் நாம் இந்தக் கற்களையும் பார்க்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் நமது கோபத்தில் நியாயம் பாதிதான்.

நான்காம் நாள் குழந்தைகளின் அணிவகுப்புக்குப் பிறகு, அகோரா என்ற பழைய கடைவீதி. கூரையோடு நிற்கும் ஹெபெஸ்டஸ் கோயில் அங்கேதான் இருக்கிறது. ஊரை விட்டு யாரை விலக்குவது என்று பெயர் கீறிப் போட்ட ஓட்டாஞ்சில்லிகளும் அங்குள்ள மியூசியத்தில் உண்டு. கட்டணமில்லாக் கூட்டம் அதிகமானால் அதை விட்டுவிடுவோம்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவ உணவினர் பயப்பட வேண்டியதில்லை. கிரேக்கத் திருச்சபையில் நோன்பு நாட்கள் மிகுதி. நோன்பில் மாமிசம், முட்டை, பால் எதுவும் ஆகாது. அதனால் அந்த ஊர்ச் சமையலில் பருப்பும் காயும் தலைமுறைகளாகப் பழகியவை. 'நிஸ்திஸிமா' என்று கேட்டால் நோன்பு உணவு. அடுப்பில் வேகவைத்த கொண்டைக்கடலை, தக்காளியில் ஊறிய பெரிய வெள்ளை மொச்சை போன்ற பயறு, அரிசியை வைத்துச் சுருட்டிய திராட்சை இலை, இவை எங்கும் கிடைக்கும். இலைச் சுருளில் சில கடைகளில் மாமிசமும் வைப்பார்கள்; கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். தக்காளியும் ஒலிவ எண்ணெயும் சேர்த்துச் சமைத்த வெண்டைக்காய்க்கு 'பாமியெஸ்' என்று பெயர். அதைக் கேள்விப்பட்டதுமே இல்லாளின் கட்சி நம் கட்சியுடன் ஐக்கியமாகிவிட்டது. காலையில் வீதியில் விற்கும் எள் தூவிய ரொட்டி வளையமும், கெட்டித் தயிரும் தேனும் போதும்.

ஒரே ஒரு அபாயம் பாஷையில். 'நே' என்றால் அவர்களுக்கு 'ஆம்'. 'இன்னும் கொஞ்சம் வேண்டுமா?' என்று கேட்கும்போது, காதில் விழுவதை வைத்து மறுப்பதாக எண்ணி 'நே, நே' என்றால் தட்டு நிறைந்துவிடும். வேண்டாமென்றால் 'ஓஹி'. முஸோலினிக்குச் சொன்னதையே பரிசாரகருக்கும் சொல்லலாம்.

நம் புலவர்கள் யவனர் என்றது அயோனியர் என்ற பெயரிலிருந்து வந்தது. ஏதென்ஸ்காரர்களும் தங்களை அந்த இனத்தாராகவே எண்ணினார்கள். ஆனால் அந்த ஊருக்கும் நம் தேசத்துக்கும் உள்ள உறவில் நம் மனத்தைத் தொட்டவர் வேறொருவர். திமெத்ரியோஸ் கலானோஸ் என்பவர் 1760-ல் ஏதென்ஸில் பிறந்தார். கல்கத்தாவிலிருந்த கிரேக்க வியாபாரிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல 1786-ல் வந்தார். பிறகு காசிக்குப் போய்ப் பண்டிதர்களிடம் ஸம்ஸ்கிருதம் கற்று, பகவத் கீதை முதலியவற்றைக் கிரேக்க பாஷையில் பெயர்த்தார். சுமார் 40 வருஷம் காசியில் வாழ்ந்து 1833-ல் அங்கேயே காலமானார். தம் சொத்தில் பாதியை ஏதென்ஸில் எழவிருந்த கல்விச்சாலைக்கு எழுதி வைத்தார். அவருடைய மொழிபெயர்ப்புகள் பின்னர் ஏதென்ஸில் அச்சாயின. தம் ஊருக்கு அவர் திரும்பவேயில்லை.

"உபாத்தியாயரா?" என்று கேட்டார் பெரியப்பா.

"ஆமாம்."

"அவர் ஊரைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார்.

வீசா விண்ணப்பத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். குன்றுக்கு அக்டோபர் 27-ந் தேதி காலை 8 மணிக்கு நான்கு சீட்டு வாங்கியாகிவிட்டது. நேற்றுக் காலையிலிருந்து பெரியப்பா நம் வீட்டு மாடிப்படியில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தினம் ஐந்து தடவை ஏறி இறங்கத் தொடங்கியிருக்கிறார். படிகளை எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைக்கிறார். லிப்டுக்கும் நாம் எழுதிப் போட்டிருக்கிறோம். அவரிடம் சொல்லவில்லை.